கரண்டித் தகடும் ஒரு விராலும்

மதரஸாவுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஃபஜ்ர் தொழுகைக்குப் பின், ஜும்ஆவுக்கு ஆயத்தமாகும் வரை கிடைக்கும் சில மணி நேரத்தை, கொட்டச்சேட்டில் எங்கள் வீட்டுக்குக் கீழே உள்ள காபித் தோட்டத்துக் குட்டையில் கழிப்பது என் வழக்கம். தோட்டக்காரரிடம் அனுமதி பெற்றிருக்கிறேன். பிறருக்கு உரிமையான நீரில் கேளாமல் தூண்டில் போடுவது நமக்கு ஆகாது. அக்குட்டையில் ஜிலேபிக் கெண்டையும் விராலும் உண்டு.

சென்ற ஆண்டு ஐப்பசியில், கடையில் வாங்காமல் ஸ்பின்னரை நானே செய்துபார்க்க விரும்பினேன். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஸ்பின்னர் என்பது உயிரில்லாத போலி இரை. ஒரு கம்பி, அதில் கோத்த ஈயக் குண்டு, அதற்கு மேலே, லாட வடிவிலான சிறு பிடியில் தொங்கும் ஒரு தகடு, கடைசியில் தூண்டில் முள். நீரில் இழுக்கும்போது தகடு கம்பியைச் சுற்றிச் சுழலும். அந்த மினுக்கத்தையும் அதிர்வையும் சிறு மீன் என்றெண்ணிப் பெரிய மீன் பாயும். அமெரிக்காவைச் சேர்ந்த ஜூலியோ பியூல் என்பவர் 1852இல் இத்தகைய இரைக்குக் காப்புரிமை பெற்றார். உண்ணும் கரண்டியை ஏரியில் தவறவிட்டு, அதை ஒரு மீன் கவ்வுவதைக் கண்டதிலிருந்தே அவருக்கு இந்த எண்ணம் பிறந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. எனவே நானும் காம்பு ஒடிந்த எவர்சில்வர் கரண்டி ஒன்றிலிருந்தே தொடங்கினேன்.

முதல் ஸ்பின்னர் சுழலவேயில்லை. அதைச் சோதிக்கப் பள்ளிவாசல் ஹவுள் வசதியாக இருக்கும் என்றான் பதினொரு வயது மகன். ஒளூச் செய்யும் நீரில் ஈயமும் முள்ளுமா என்று கடிந்துகொண்டு, வீட்டுக் கொல்லையில் இருந்த நீர்த்தொட்டியிலேயே இழுத்துப் பார்த்தோம். தகடு கம்பியோடு ஒட்டிக்கொண்டு செத்த இலைபோல வந்தது. காரணங்கள் ஒவ்வொன்றாகத் தெரியவந்தன.

முதலாவது, பிடியின் துளை. கம்பியின் பருமனுக்குச் சரியாகத் துளையிட்டிருந்தேன். துளை சற்றே பெரிதாகவும், அதன் விளிம்பு பிசிறின்றியும் இருந்தால்தான் பிடி தடையின்றிச் சுற்றும். மெல்லிய அரத்தால் தேய்த்ததும் பாதிக் குறை தீர்ந்தது.

இரண்டாவது, பிடிக்கும் ஈயக் குண்டுக்கும் இடையில் ஒன்றும் இல்லாதது. ஈயம் மென்மையானது, அதன்மேல் பிடி உராய்ந்து நின்றுவிடுகிறது. மகளின் அறுந்துபோன மாலையிலிருந்து ஒரு கண்ணாடி மணியை எடுத்து இடையில் கோத்தேன்.

மூன்றாவது, தகட்டின் குழிவு. விளிம்பை வெட்டும்போது கரண்டியின் குழிவைத் தட்டி நிமிர்த்திவிட்டிருந்தேன். தட்டையான தகட்டை நீர் பிடித்துத் தள்ளாது. மரக்கட்டையில் குழி செதுக்கி, அதில் வைத்து உருண்டை முனைச் சுத்தியலால் மெல்லத் தட்டினேன். நீண்ட இலை வடிவத் தகடு கம்பியை ஒட்டி வேகமாகச் சுழலும். வட்டத் தகடு அகன்று, மெதுவாக இழுத்தாலும் அதிர்வோடு சுழலும். கலங்கிய குட்டைக்கு வட்டத் தகடே ஏற்றது. மீன் தன் பக்கவாட்டுப் புலன்கோட்டால் அந்த அதிர்வை உணர்கிறது.

இப்போது தகடு சுழன்றது. ஆனால் கூடவே ஸ்பின்னர் முழுவதும் சுழன்று நரம்பை முறுக்கிச் சிக்கலாக்கியது. தகட்டின் அகலத்துக்கு ஈயத்தின் எடை போதவில்லை. குண்டைச் சற்றுப் பெரிதாக்கி, நரம்புக்கும் ஸ்பின்னருக்கும் இடையே ஒரு சுழல் வளையம் பொருத்தியதும் அதுவும் அடங்கியது. முள்ளின் மேல் மகள் சிவப்பு நூல் சுற்றி அழகுபடுத்தித் தந்தாள்.

தொட்டியில் தகடு பளபளவெனச் சுழன்றதைப் பார்த்துக்கொண்டிருந்த மகன் கேட்டான்: “அத்தா, இது மீன ஏமாத்துறதுதானே? தானியத்துக்கு அடியில ஈரத்த மறைச்சு வித்தவரப் பத்தி மதரஸாவுல சொல்லித் தந்தீங்களே?”

மனிதர் தமக்குள் செய்யும் கொடுக்கல் வாங்கலில்தான் அந்த ஏமாற்று விலக்கப்பட்டது என்றும், மீன்வேட்டை நமக்கு ஆகுமாக்கப்பட்டது என்றும், இரையும் வலையும் வேட்டைக்கு உரிய கருவிகளே என்றும் விடை சொன்னேன். விடையில் பிழையில்லை. ஆனால் அது பாதி விடை என்பது பிறகுதான் புரிந்தது.

அந்த வெள்ளிக்கிழமை குட்டையின் ஓரத்தில், மிளகாய்த் தூளைத் தூவியதுபோல, செந்நிறக் குஞ்சுகளின் கூட்டம் நீரின் மேல்மட்டத்தில் மிதந்து மூச்செடுத்துக்கொண்டிருந்தது. விரால் தன் குஞ்சுகளை விட்டு அகலாது. கீழே நின்று காவல் காக்கும். அருகில் எது வந்தாலும் பசியில்லாவிட்டாலும் பாய்ந்து கவ்வும். தூண்டில்காரர் அனைவரும் இதை அறிவர். நானும் அறிந்தேதான் ஸ்பின்னரை அக்கூட்டத்துக்கு அப்பால் வீசி, அதன் ஓரமாக இழுத்தேன்.

மூன்றாம் வீச்சில் நீர் வெடித்தது. கம்பு வளைந்தது. பத்து நொடிகூட இராது. திடீரென நரம்பு தளர்ந்தது. சுருட்டிப் பார்த்தால் தகடு இருக்கிறது, மணி இருக்கிறது, குண்டு இருக்கிறது. முள்ளை மட்டும் காணோம். முள்ளைத் தாங்கிய வளையம் பிரிந்து, கம்பி நேராக நீட்டிக்கொண்டிருந்தது.

கட்டடக் கம்பி கட்டும் மென்மையான கட்டுக்கம்பியைப் பயன்படுத்தியிருந்தேன். வளைக்க எளிது என்பதே காரணம். அதிலும் வளையத்தை ஒரே ஒரு சுற்றில் முடித்திருந்தேன். தகடு சுழல்கிறதா என்று நான்கு நாட்கள் சோதித்த எனக்கு, அந்த வளையத்தை இடுக்கியால் ஒருமுறை இழுத்துப் பார்க்கத் தோன்றவில்லை. மீன் கவ்வும் வரை உள்ளதை எல்லாம் எண்ணினேன். கவ்விய பின் அதற்கு நேரக்கூடியதை எண்ணவில்லை.

ஞாயிறு அஸருக்குப் பின் மகன் ஓடிவந்தான். “அத்தா, அந்த விரால் மெதக்குது.” வாய்க்குள் ஆழத்தில் சிவப்பு நூல் தெரிந்தது. உண்ணலாமா என்ற சட்டக் கேள்விக்கே இடமின்றி அது அழுகியிருந்தது. ஓரத்தில் குழிதோண்டிப் புதைத்தோம். செந்நிறக் கூட்டம் சிறுத்திருந்தது. மறுவாரம் அதைக் காணவில்லை. மகன் கேள்வி எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அறுக்கும்போது கத்தியைத் தீட்டிக்கொள்ளவும், அறுபடும் பிராணிக்கு இலகுவாக்கவும் நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் கட்டளையிட்டதை எத்தனையோ ஆண்டுகள் பாடம் நடத்தியிருக்கிறேன். மீனை அறுக்க வேண்டியதில்லை என்பதால் அக்கட்டளை என் தூண்டில் பெட்டிக்குள் வராது என்று எண்ணிவிட்டேன் போலும். கருவி ஆகுமானது என்பதோடு பொறுப்பு முடிவதில்லை. கருவி நேர்த்தியாக இருக்க வேண்டும் என்பதும் அந்த உயிருக்கு நாம் தர வேண்டிய உரிமை. இதுவே என் மகனுக்கு நான் சொல்லாமல் விட்ட மீதிப் பாதி. அடுத்த வெள்ளிக்கிழமை அதை அவனிடம் சொன்னேன். என் தவற்றையும் சேர்த்தே சொன்னேன்.

இப்போது நான் பயன்படுத்துவது சுமார் 0.8 மில்லிமீட்டர் பருமனுள்ள விறைப்பான எவர்சில்வர் கம்பி. இரு முனைகளிலும் வளையத்தை மூன்று சுற்றுச் சுற்றி, வெட்டிய நுனி நரம்பை அறுக்காதபடி அரத்தால் மழுக்கிவிடுகிறேன். மும்முள்ளுக்குப் பதிலாக ஒற்றை முள். அதன் எதிர்க்கூரை இடுக்கியால் அழுத்தித் தட்டையாக்கிவிட்டால், வேண்டாத மீனைக் காயம் பெரிதாகாமல் விடலாம். முள்ளின் கூர்மையை நகத்தில் வைத்துப் பார்க்கிறேன்; வழுக்கினால் மீண்டும் தீட்டுகிறேன். பிறகு வளையத்தை ஓர் ஆணியில் மாட்டி, முழு பலத்தோடு இழுக்கும் வேலை மகனுடையது. அவன் “சரி” என்ற பிறகே பெட்டிக்குள் போகும்.

செந்நிறக் கூட்டம் தென்படும் நாட்களில் அந்தக் கரைப் பக்கமே வீசுவதில்லை. சென்ற வெள்ளிக்கிழமை ஒரு விரால் கிடைத்தது. வீட்டுக்கு அது போதும் என்று கம்பை மடக்கினோம். கரையேறும்போது மகன் ஸ்பின்னரை வாங்கி, வளையத்தை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தான். உங்கள் பெட்டியிலும் ஒன்று இருந்தால், அடுத்த முறை நீரில் வீசுமுன் அவ்வாறே இழுத்துப் பாருங்கள்.