கொலைக்கான காரணம்

இருளும் நிழலும் நிறைந்த பழைய குற்றப் படங்கள்மீது நமக்குத் தீராத விருப்பமுண்டு. எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' (1954) பாடலே இல்லாத படம். வானொலிப் பொறியாளன் ஒருவன் சுட்டுக் கொல்லப்படுகிறான். உற்றார், அயலார் ஒவ்வொருவர்மீதும் ஐயம் படர்கிறது. பணம், பொறாமை, துரோகம் எல்லாம் ஆராயப்படுகின்றன. சாதி மட்டும் அவ்வீட்டினுள் நுழையவேயில்லை.

அமெரிக்காவிலோ 1947இலேயே 'கிராஸ்ஃபயர்' வந்துவிட்டது. அதில் அடித்துக் கொல்லப்பட்டவரைக் கொலையாளி அன்று மாலைதான் முதன்முதலாகக் கண்டான். முன்பகையில்லை, பணமும் காரணமில்லை. காவல் அதிகாரி தேடித் தேடி, இறந்தவர் யூதர் என்பதில் வந்து நிற்கிறார். (மூல நாவலில் கொல்லப்படுபவர் தன்பாலின விருப்புடையவர், படத்தில் யூதராக்கினார்கள். ஆள் மாறியும் வெறுப்பு அப்படியே பொருந்திப்போயிற்று!)

அந்தக் காரணத்தைத் தமிழில் நாம் நேருக்கு நேர் கண்டது மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018) படத்தில். அதில் வரும் முதியவர் நம்மை உறங்கவிடவில்லை. சாதி மீறிப் பழகும் இளையோரைக் கொன்று, விபத்தென்றும் தற்கொலையென்றும் தோன்றச் செய்கிறார். கூலி வாங்குவதில்லை, குலசாமிக்குச் செய்யும் தொண்டாம். அக்கொலைகளைத் துப்பறிய எவரும் வருவதில்லை. ஐயம் எழுந்தாலல்லவோ வருவதற்கு? நிழல்கூட வேண்டாத இருள் அது, பட்டப்பகலிலேயே நிகழ்கிறது.

அம்முகத்தில் கொடுமையின் சாயலே இல்லை. கன்னிவாடியிலிருந்து திண்டுக்கல் செல்லும் பேருந்தில் அவர் ஏறியிருந்தால், நாமே எழுந்து இடம் கொடுத்திருப்போம்.