இறுதிப் பக்கம் இல்லாத புத்தகம்

பழைய புத்தகம் தேடி அலைவது ஒருவகைப் பித்து என்பர். பித்தாகவே இருக்கட்டும். எங்கள் வீட்டிற்கு அப்பித்து வந்த வழியையும், அதனால் நாங்கள் பெற்றதையும் இங்கே சொல்ல விரும்புகிறோம். பிறந்தோர் நாங்கள் மூவர். இளையவனை விட்டு, மூத்தவர் இருவரும் கூடியே இதனை எழுதுகிறோம்.

தந்தையார் 1958-ஆம் ஆண்டில் தில்லிக்கு வந்தவர். மத்திய அரசின் கணக்கு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். சரோஜினி நகர் அரசுக் குடியிருப்பில் எங்கள் இளமை கழிந்தது. ஞாயிறு காலையில் காப்பி குடித்ததும் துணிப்பையுடன் பஸ் ஏறித் தில்லி கேட் செல்வார். தரியாகஞ்சு நடைபாதையில் விரித்திருக்கும் பழைய புத்தகங்களை உச்சி வெயில் ஏறும்வரை குனிந்து குனிந்து பார்ப்பார். 1976-இல் ஒரு ஞாயிறன்று இரண்டு ரூபாய்க்கு ஓர் ஆங்கில நாவலை வாங்கி வந்தார். மேலட்டையில் பாதி கிழிந்திருந்தது. எஞ்சிய பகுதியில் ஒற்றைக் கொம்புக் குதிரையின் தலை ஒன்று சிறிதாக அச்சிடப்பட்டிருந்தது.

அந்தக் குளிர்காலம் முழுவதும், இரவு உணவுக்குப் பின், ரஜாய்க்குள் எங்களை உட்காரவைத்து அக்கதையைத் தமிழில் சொன்னார். 'மூடுபனி நகரம்' என்பது அவர் இட்ட பெயர். இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் ஓர் ஊர். வாணிகத்தில் செழித்த, கண்டிப்பான ஊர். அதன் எல்லைக்கு அப்பால் மாய உலகம். அங்கிருந்து ஒரு பழம் திருட்டுத்தனமாக ஊருக்குள் வருகிறது. உண்டவர் மனம் பேதலித்து, காணாத இடங்களுக்காக ஏங்குவர். அப்பழத்தின் பெயரைச் சொல்வதே அவ்வூரில் அநாகரிகம். ஆகவே சட்டப் புத்தகத்தில் அதனைப் 'பட்டு' என்றே குறித்தார்களாம். இந்த இடம் வரும்போதெல்லாம் தந்தையார் விழுந்து விழுந்து சிரிப்பார். "நம் ஆபீஸ் ஃபைலும் இப்படித்தான்" என்பார்.

ஊர்த் தலைவருக்கு அவர் வைத்த பெயர் நாதமுனிப் பிள்ளை. மகன் ரங்கன். ரங்கன் அப்பழத்தை உண்டுவிடுகிறான். பின்னர் எல்லை கடந்து மறைந்தும் போகிறான். தந்தையார் சொன்ன முடிவு இது: நாதமுனிப் பிள்ளை எல்லை வரை சென்று மகனைக் கூவி அழைக்கிறார். விடை இல்லை. வீடு திரும்பி, ஒவ்வோர் இரவும் வாசலில் விளக்கேற்றி வைக்கிறார். பல நாள் கழித்து ஒரு மாலை, மகன் தானே திரும்பி வருகிறான்.

இரண்டொரு ஆண்டில் குடியிருப்பு மாறினோம். அந்த மாற்றத்தில் புத்தகம் தொலைந்தது.

1985-இல் எங்கள் தம்பிக்கும் தந்தையாருக்கும் பெரும் பிணக்கு உண்டாயிற்று. அரசுப் பணித் தேர்வு எழுதவேண்டும் என்றார் இவர். புகைப்படத் தொழில் கற்கவேண்டும் என்றான் அவன். ஒருநாள் ஒரு பையுடன் வெளியேறினான். ஆறு மாதம் கழித்துப் பம்பாயிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதில் முகவரி இல்லை. தந்தையார் அவனைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. ஆனால் வாசல் விளக்கை இரவு முழுவதும் எரியவிட்டார். அம்மா அணைக்கப் போனால், "இருக்கட்டும்" என்பார். மூன்று ஆண்டு அவ்விளக்கு எரிந்தது. 1988-இல் தம்பி திரும்பினான். இருவரும் அருகருகே அமர்ந்து உண்டனர். நடந்ததைப் பற்றி ஒரு சொல்லும் எழவில்லை.

2004-இல் தந்தையார் காலமானார். அதன் பிறகே அப்புத்தகத்தைத் தேடும் எண்ணம் எங்களைப் பற்றிக்கொண்டது. எதைக் கொண்டு தேடுவது? நாதமுனிப் பிள்ளையைச் சொன்னால் எந்தக் கடைக்காரருக்குத் தெரியும்? எங்களிடம் இருந்த தடயம் கொம்புக் குதிரை ஒன்றே.

2008-இல் ஒரு நூலகத்தில் அயல்நாட்டு மாயக்கதைகளின் வரலாறு ஒன்றைப் புரட்டியபோது முடிச்சு அவிழ்ந்தது. அமெரிக்காவில் பாலன்டைன் என்னும் பதிப்பகத்தார், லின் கார்ட்டர் என்பவரை ஆலோசகராகக் கொண்டு, 1969 முதல் 1974 வரை ஒரு வரிசை வெளியிட்டனர். மறக்கப்பட்ட மாயக்கதைகளை மலிவுப் பதிப்பாகக் கொணர்வது அதன் நோக்கம். அவ்வரிசையின் முத்திரையே கொம்புக் குதிரை. ஜார்ஜ் மக்டனால்ட் 1858-இல் எழுதிய 'ஃபான்டாஸ்டிஸ்', வில்லியம் மாரிஸ் 1896-இல் வெளியிட்ட 'தி வெல் அட் தி வேர்ல்ட்ஸ் எண்ட்', டன்சனி பிரபுவின் 1924-ஆம் ஆண்டு நாவல் ஆகியன அதில் மறுபிறவி எடுத்தன.

எங்கள் கதையும் அதில் ஒன்று. ஹோப் மிர்லீஸ் என்னும் ஆங்கிலப் பெண்மணி 1926-இல் எழுதிய 'லட்-இன்-தி-மிஸ்ட்'. நாதமுனிப் பிள்ளையின் உண்மைப் பெயர் நத்தானியேல் சான்டிக்ளியர், ரங்கன், ரனல்ஃப். அம்மையார் அதற்குப் பின் நாவலே எழுதவில்லை. நூலும் மறைந்தது. 1970-இல் பாலன்டைன் பதிப்பு வந்தபோது அவர் எண்பது வயதைக் கடந்து உயிருடன் இருந்தார். ஆயினும் அவர் இசைவைப் பெறாமலே அச்சிட்டனர் என்பது வருந்தத்தக்க செய்தி. 1978-இல் அவர் மறைந்தார். 2000-இல் இங்கிலாந்தில் மற்றொரு பதிப்பு வந்தது.

புதுப் பதிப்பைத் தருவித்திருக்கலாம். எங்களுக்கு வேண்டியது அந்தக் குதிரை போட்ட புத்தகம். ஆகவே நாங்களும் ஞாயிறுதோறும் தரியாகஞ்சு சென்றோம். அவ்வணிகத்தின் நெளிவு சுளிவுகள் மெல்ல விளங்கின. காலையில், கபாடிக்காரரின் மூட்டை பிரியும் நேரத்தில் செல்லவேண்டும். எடைக்கு விற்கும் குவியலை இகழலாகாது. வேண்டிய நூலைக் கண்டால் முகம் மலரக்கூடாது. மலர்ந்தால் விலை ஏறும்.

2012 சனவரியில், சமையல் புத்தகங்களுக்கும் பழைய வழிகாட்டி நூல்களுக்கும் இடையே குதிரை தலைகாட்டியது. நாற்பது ரூபாய். பேரம் பேசவும் மறந்தோம்.

அன்றிரவே படித்து முடித்தோம். முடிவு வேறாக இருந்தது! தந்தை எல்லையில் நிற்கவில்லை. தானே மாய உலகத்துள் புகுந்து மகனை மீட்டு வருகிறார். பழத்தின் மீதிருந்த தடையும் ஈற்றில் நீங்குகிறது. திகைத்து அம்மாவைக் கேட்டோம். "அந்தப் புத்தகத்தில் கடைசியில் நாலைந்து தாள் இல்லை. முடிவு தெரியவில்லை என்றால் நீங்கள் தூங்கமாட்டீர்கள் என்று தானே ஒன்று கட்டிச் சொன்னார்" என்றார்.

தம்பிக்குப் புத்தகத்தைக் கொடுத்தோம். கடைசிப் பகுதியை இருமுறை படித்தான். "பம்பாயில் இருந்தபோது, அப்பா ஒருநாள் வந்து நிற்பார் என்று காத்திருந்தேன். அவர் வரவில்லை. பிறகு வாசல் விளக்கு நினைவுக்கு வந்தது. வந்துவிட்டேன்" என்றான். சிறிது நேரம் கழித்து, "அவருக்கு இந்த முடிவு தெரிந்திருந்தால் வந்திருப்பாரோ, அக்கா?" என்று கேட்டான். எங்களிடம் விடை இல்லை. இன்றும் இல்லை.

2019-இல் நீதிமன்ற ஆணையால் நடைபாதைக் கடைகள் அகற்றப்பட்டு, ஆசஃப் அலி சாலையில் உள்ள மகிளா ஹாட்டுக்கு மாற்றப்பட்டன. அங்கும் சென்று வருகிறோம். பழைய புத்தகம் வாங்கும் அன்பர்கள் முதலில் கடைசித் தாள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது எல்லாரும் சொல்லும் விதி. எங்களுக்கும் அவ்விதி தெரியும். ஆனால் தந்தையார் அன்று அவ்வாறு பார்த்து வாங்கியிருந்தால், எங்கள் வாசலில் விளக்கு எரிந்திருக்குமோ என்று எண்ணும்போது, கையில் எடுத்த குறைப்புத்தகத்தை மீண்டும் கீழே வைக்க மனம் வருவதில்லை.