பட்டுக்கூட்டில் மருந்து

புதுவையில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்கு லூயி பாஸ்தேர் என்றால் வெறிநாய்க்கடி மருந்து மட்டுமல்ல, பட்டுப்புழுவும்தான். 1865-லிருந்து சில ஆண்டுகள் தெற்கு பிரான்சின் அலெஸ் ஊரில், புழுக்களைக் கொன்ற 'பெப்ரீன்' நோயை ஆராய்ந்தவர் அவர். தாய்ப்பூச்சியை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, நோய் இருந்தால் அதன் முட்டைகளை ஒதுக்கிவிடும் முறை இன்றும் நம் நாட்டில் நடக்கிறது.

அதே புழுவை இப்போது ஜப்பானியர் மருந்துக்குப் பழக்கியிருக்கிறார்கள். 2000-ல் அதன் முட்டைக்குள் வேற்று மரபணுவைச் செலுத்தி, வழிவழியாக நிலைக்கச் செய்தார்கள். 2003-ல் ஹிரோஷிமா ஆய்வாளர்களுக்கு மனிதக் கொலாஜனின் ஒரு பகுதி பட்டுக்கூட்டிலேயே கிடைத்தது.

எனக்கு இது வெறும் வேடிக்கைச் செய்தி இல்லை. என் வீட்டம்மாவுக்குக் காலில் சர்க்கரைப் புண். கொலாஜன் வைத்துக் கட்டுப் போட்டார்கள். எதிலிருந்து எடுத்தது என்று கேட்டாள். மாட்டிலிருந்து என்றார் டாக்டர். சுத்த சைவம், முகம் வாடிவிட்டது. (பட்டுப்புடவை இல்லாமல் கல்யாணத்துக்குப் போகாதவள்தான்!)

புடவைக்கு நூல் அறாமல் வேண்டும். அதனால் கூட்டோடு வேகவைக்கிறார்கள். புரதத்தை மட்டும் பிரிக்க நூல் முழுசாக இருக்க வேண்டியதில்லை. கூட்டை வெட்டி, உள்ளே இருப்பதை உயிரோடு எடுத்துவிடலாம். எடுத்து? வளர்ப்புப் பட்டுப்பூச்சிக்குப் பறக்கவே தெரியாது. ஆனாலும் ஜப்பானில் அதோடு இணையக்கூடிய காட்டுப்பூச்சி உண்டு. மரபணு மாற்றியதை வெளியே விட முடியாது.

"அப்போ அதுவும் சாகத்தானே போகுது?" என்றாள்.

ஆமாம் என்றேன். கட்டு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.