ஏடு மாற்றும் காலம்

சேர்த்தல் எளிது, சேர்த்ததைக் காத்தல் அரிது. ஏட்டுச் சுவடிகளின் காலத்தில் மெய்யாக இருந்த இவ்வுண்மை, கணினிக் காலத்திலும் சற்றும் மாறவில்லை. மலாக்கா மாநிலத்தின் ஜாசின் பட்டணத்தில், ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவரின் வீட்டில் நிகழ்ந்த நிகழ்ச்சி இதற்குத் தக்க சான்றாகும்.

ஆசிரியர் பிறந்து வளர்ந்தது தோட்டப்புறம். 1896இல் டான் சாய் யான் என்பார் புக்கிட் லிந்தாங்கில் இரப்பரைப் பயிரிட்டார். மலாயாவின் முதல் வணிக இரப்பர்த் தோட்டம் என்று அது போற்றப்படுகிறது. அதன் பின்னர் மலாக்காவெங்கும் பால்மரக் காடுகள் விரிந்தன. அவற்றை நம்பித் தமிழர் குடும்பங்கள் லயங்களில் வேரூன்றின. பின்னாளில் பால்மரம் வீழ்ந்து செம்பனை எழுந்தது. சில இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தன. லயங்கள் இடிந்தன, மக்கள் பட்டணங்களுக்குச் சிதறினர். ஆசிரியர் பயிற்றுவித்த சிறு தோட்டப் பள்ளியும் வேறிடத்திற்குப் பெயர்ந்தது.

சிதறியவற்றைத் திரட்டுவதே ஆசிரியரின் வாழ்நாட்பணி ஆயிற்று. திருவிழா அழைப்பிதழ்கள், பள்ளி ஆண்டு மலர்கள், கரையான் அரித்த செக்ரோல் புத்தகங்கள், மங்கிய நிழற்படங்கள், காசெட்டில் பதிந்த தாலாட்டும் ஒப்பாரியும் என எதையும் அவர் விடவில்லை. அவருடைய மகன் பத்து பெரெண்டாம் தொழிற்பேட்டையில் மின்னணுத் துறைப் பொறியாளர். அவன்தான் அவற்றையெல்லாம் கணினிக்குள் ஏற்றி, கூடத்தின் மூலையில் ஒரு சிறு கரிய பெட்டியை நிறுவினான். அதனுள் நான்கு வன்தட்டுகள். ஒவ்வொன்றும் நான்கு டெராபைட் கொள்ளளவு.

அந்நான்கும் தனித்தனியே இயங்குவன அல்ல. ஒன்று பழுதானாலும் செய்தி அழியாதவாறு அவை பிணைக்கப்பட்டிருந்தன. 1988இல் அமெரிக்காவின் பெர்க்கிலிப் பல்கலைக்கழக ஆய்வாளர் மூவர் 'ரெய்டு' என்று பெயரிட்டு விளக்கிய முறை அது. அதனை எளிய கணக்கால் உணரலாம். மூன்று தட்டுகளில் 5, 7, 9 என்னும் எண்கள் உள்ளன. நான்காவதில் அவற்றின் கூட்டுத்தொகை 21 உள்ளது என்க. ஏழு தொலைந்தால், இருபத்தொன்றிலிருந்து ஐந்தையும் ஒன்பதையும் கழித்து அதனை மீட்கலாம். ஆயின் இரண்டு எண்கள் ஒருங்கே தொலைந்தால், எந்தக் கணக்கனாலும் மீட்க இயலாது. இந்த இறுதி வாக்கியத்தில்தான் ஆபத்து உறங்கிக் கிடந்தது.

ஆண்டுகள் ஏழு கடந்தன. உயர்ந்த துல்லியத்தில் படியெடுத்த ஒரு வண்ணப் பக்கமே நூறு மெகாபைட் அளவை விழுங்கும். அண்டை அயலார் கொணர்ந்து தந்த திருமண, திருவிழா ஒளிநாடாக்களும் சேர்ந்தன. பெட்டி நிரம்பி வழிந்தது. எட்டு டெராபைட் வன்தட்டுகள் நான்கை வாங்கி, பழையவற்றை ஒவ்வொன்றாக மாற்றிவிடுவது என்று மகன் முடிவு செய்தான்.

ஒரு தட்டைக் கழற்றிப் புதியதைப் பொருத்தினால், எஞ்சிய மூன்றையும் முழுமையாகப் படித்து, காணாமற்போனதை அப்பெட்டி புதிய தட்டில் மீண்டும் எழுதிக்கொள்ளும். அதற்கு ஏறத்தாழப் பத்து மணி நேரம் ஆகும். நான்கும் மாறி முடிந்த பிறகே பெரிய கொள்ளளவு கைக்கு வரும். முதல் தட்டைக் கழற்றிய இரவு, பணி பாதியைத் தாண்டிய நிலையில், மூன்றாவது தட்டின் சில பகுதிகளைப் படிக்க இயலவில்லை என்று எச்சரிக்கை எழுந்தது. பின்னர் யாவும் நின்றன.

இதில் வியப்பொன்றும் இல்லை. நான்கும் ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கியவை. ஒரே கூடத்தில், ஒரே வெப்பத்தில் இராப்பகலாகச் சுழன்றவை. ஒருங்கே மூத்தவை ஒருங்கே தளர்வது இயல்பு. ஆண்டுக்கணக்கில் எவரும் திறந்து பாராத கோப்புகள் இருந்த இடங்கள் எப்பொழுதோ பழுதுற்றிருந்தன. அத்தட்டு முழுவதையும் படிக்க நேர்ந்த அன்றுதான் அந்நோய் வெளிப்பட்டது.

விடியற்காலையில் மகன் தந்தையிடம் செய்தியைச் சொன்னான். ஆசிரியர் சினக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பழச கழட்டுறதுக்கு முன்னால, எல்லாத்தயும் வேற எடத்துல எழுதியாச்சான்னு பாத்தியாப்பா?"

மகனிடம் மறுமொழி இல்லை. வேறொரு தட்டில் படி இருந்தது. ஆயின் அது பதினான்கு மாதங்களுக்கு முற்பட்டது. நான்கு தட்டுகளின் பிணைப்பே காப்பு என்று நம்பி, அவன் அதனைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தான். பிணைப்பு என்பது ஒரு தட்டு பழுதானாலும் பெட்டி இயங்குவதற்கான ஏற்பாடு. படி என்பது பெட்டியே போனாலும் பொருள் நிலைப்பதற்கான ஏற்பாடு. இரண்டும் ஒன்றல்ல.

தந்தையின் வினா தமிழுலகிற்குப் புதியதன்று. பனையோலை நம் தட்பவெப்பத்தில் என்றென்றும் வாழ்வதில்லை. ஆதலின் தலைமுறைதோறும் சுவடிகளைப் பெயர்த்தெழுதினர் நம் முன்னோர். பழுதுற்ற ஏட்டைப் பெயர்த்தெழுதிய பின்னரே நீரில் விடுதல் முறை. அம்முறையின் பொருள் மறந்து, பெயர்த்தெழுதாமலே ஆடிப்பெருக்கில் விடப்பட்ட சுவடிகளோடு எத்தனையோ நூல்கள் சென்றன. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், ஒரு சுவடியை நம்பி அமரவில்லை. ஊரூராக அலைந்து பல படிகளைத் தேடி ஒப்பிட்டார். ஓர் ஏட்டில் சிதைந்த சொல்லை மற்றோர் ஏடு தந்தது. வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு கைகள் எழுதி வைத்த படிகளே அந்நூலைக் காத்தன.

ஓரிடத்தில் மட்டும் வைத்த செல்வத்தின் கதியை 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது தமிழினம் கண்டது. மீளாதவற்றுள் வேறெங்கும் படி இல்லாத அரிய சுவடிகளும் அடங்கும்.

பழைய படியிலிருந்து பெரும்பகுதி மீண்டது. கடைசிப் பதினான்கு மாதங்களின் சேகரிப்பு மீளவில்லை. காகிதங்கள் அலமாரியில் இருந்தன, மீண்டும் படியெடுக்கலாம். மீட்க இயலாதது ஒன்றே. மெர்லிமாவில் மகள் வீட்டில் தங்கியிருந்த ஒரு மூதாட்டி, தோட்டத்தின் ஆயாக் கொட்டகையில் முப்பது ஆண்டுகள் குழந்தைகளை வளர்த்தவர். தாய்மார்கள் இருள் பிரியுமுன் பெரட்டுக்குச் சென்றுவிட, தொட்டில்களை ஆட்டியபடி, ஒவ்வொரு குழந்தையின் பெயரையும் சேர்த்து அவர் பாடிய தாலாட்டுகளை ஆசிரியர் கைப்பேசியில் பதிந்திருந்தார். பெட்டியில் ஏற்றியதும், இடம் வேண்டிக் கைப்பேசியிலிருந்து அழித்துவிட்டார். மூதாட்டி அதன் பின் இரண்டு திங்களில் மறைந்தார். பாடல்கள் மொத்தம் பதினொன்று.

இரு வாரங்கள் கழித்து, அலோர் காஜாவில் ஆசிரியராகப் பணிபுரியும் பழைய மாணவி ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். "ஐயா, பள்ளி விழாவுக்குன்னு ஒரு தாலாட்டு அனுப்புனீங்களே, அது என்கிட்ட இன்னும் இருக்கு" என்றாள். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்காக அவள் அதனை இன்னும் இருவருக்கு அனுப்பியிருந்தாள். அவர்களிடமும் அது இருந்தது. பதினொன்றில் ஒன்று தப்பியது. பிறர்க்குக் கொடுத்தது தங்கிற்று. பெட்டிக்குள் வைத்துக் காத்த பத்தும் போயின.

மகன் பணியை மீண்டும் தொடங்கினான். இம்முறை வேறு ஒழுங்கில். முதலில் முழுப் படி. அதைத் திறந்து பார்த்துச் சரிபார்த்தல். பின்னரே தட்டு மாற்றம். புதிய தட்டுகளை வெவ்வேறு கடைகளில், வெவ்வேறு காலத்தில் வாங்கினான். திங்களுக்கொரு முறை எல்லாத் தட்டுகளையும் முழுமையாகப் படித்துச் சோதிக்குமாறு பெட்டியைப் பணித்தான். ஒரு படி அலோர் காஜாவிலுள்ள மாணவியின் வீட்டில் இருக்கிறது.

ஆசிரியரோ வேறொரு வேலையை மேற்கொண்டார். தாம் திரட்டிய ஒவ்வொரு பாடலையும் அதற்குரிய தோட்டத்து மக்களின் பிள்ளைகளைத் தேடிச் சென்று வழங்கி வருகிறார். எஞ்சிய அந்த ஒற்றைத் தாலாட்டில் வரும் குழந்தையின் பெயருக்குரியவருக்கு இன்று ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். அவர் எங்கிருக்கிறார் என்பது இன்னும் தெரியவில்லை. ஆசிரியர் தேடிக்கொண்டிருக்கிறார்.