பத்துப் பத்தாக வரட்டும்

காட்டுப்பள்ளியில் கன்டெய்னர் யார்டில் ஆர்.டி.ஜி. கிரேன் ஓட்டுகிறேன். கேபின் ஆறு மாடி உயரத்தில் இருக்கும், காலுக்கடியில் கண்ணாடி. குனிந்தால் டிரெய்லர்கள் தீப்பெட்டி மாதிரி ஊர்ந்துகொண்டிருக்கும். எட்டு மணி நேரம் இப்படி மேலேயிருந்தே பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், கம்ப்யூட்டரில் மறுபடியும் மேலேயிருந்து பார்க்கிற வேலைதான். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பாகம். 1999-இல் வந்த ஆட்டம். மீஞ்சூர் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டது, இன்னும் விடவில்லை.

எனக்குப் பிடித்தது ஒரே ஒரு வகை ஆட்டம்தான். எதிரியிடம் முப்பது பேர், என்னிடம் இருபது. பெரிய படையை வைத்துச் சின்னப் படையை நசுக்குவதில் என்ன இருக்கிறது? 2022-இல் இந்த ஆட்டத்துக்குத் திராவிடர் என்று ஒரு நாகரிகமும், ராஜேந்திர சோழன் பெயரில் ஒரு படையெடுப்புத் தொடரும் வந்தன. ஆசையாக வாங்கினேன். உருமி சுழற்றும் வீரனைப் பார்த்துச் சிலிர்த்ததும் உண்மை. ஆனால் ராஜேந்திரனுக்கு ஆள் பஞ்சம் என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நான் தேடுவது ஆள் பஞ்சத்தை.

அக்கா மகன் ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவான். பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம். கை வேகத்தில் நான் அவனிடம் நிற்க முடியாது. நான் ஒரு பட்டனைத் தேடுவதற்குள் அவன் மூன்று லாயம் கட்டி முடித்திருப்பான். எப்போதும் அவனிடம் ஆள் அதிகம், எப்போதும் என்னிடம் குறைவு. இதை நான் விரும்பித் தேர்ந்தெடுத்ததாக அவனிடம் சொல்வதுண்டு.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். நடுவில் ஆறு, கடக்க ஆழமில்லாத ஒரே துறை. அவன் முப்பது நைட்டுகளோடு வருகிறான். குதிரை, கவசம், ஒவ்வொன்றும் 60 உணவு, 75 தங்கம். என்னிடம் பன்னிரண்டு ஈட்டிக்காரர்கள், பதினைந்து வில்லாளிகள், ஒரு கல்லெறி வண்டி. ஈட்டி குதிரைக்கு எமன் என்று புதிதாக ஆடுகிறவர்கள் நினைப்பார்கள். ஒண்டிக்கு ஒண்டி விட்டால் நைட்தான் ஜெயிப்பான். ஈட்டிக்காரனின் பலம் அவன் விலையில் இருக்கிறது: 35 உணவு, 25 மரம், தங்கமே வேண்டாம். விலைக்கு விலை வைத்தால் அவன் மலிவு. ஆனால் எண்ணிக்கையிலேயே குறைந்து நிற்கிறவனுக்கு மலிவால் என்ன பயன்?

ஆட்களை வைத்துத் துறைக்கு இந்தப் பக்கம் நான்கு வீடுகளைக் கட்டினேன். குடியிருக்க அல்ல, அடைக்க. ஆட்டத்தில் வீடு கட்ட மரம்தான் செலவு, மதிலுக்குப் போல் கல் வேண்டாம். வீடுகளுக்கு நடுவே இரண்டு குதிரை நுழையும் அளவு சந்து. சந்தின் வாயில் ஈட்டிக்காரர்கள், பின்னால் மேட்டில் வில்லாளிகள். இந்த ஆட்டத்தில் மேட்டிலிருந்து அடித்தால் 25 சதவீதம் கூடுதல் சேதம், பள்ளத்திலிருந்து மேலே அடித்தால் அதே அளவு குறைவு. கல்லெறி வண்டி அதற்கும் பின்னால். முன்னிரண்டு குதிரைகள் சந்தில் மோதின. மிச்சம் இருபத்தெட்டும் பின்னால் நெருக்கியடித்து, ஒன்றின் வாலை ஒன்று முகர்ந்துகொண்டு, திரும்பவும் வழியில்லாமல் நின்றன. அந்த நெரிசலின் நடுவில் கல்லைப் போட்டேன்.

எங்கள் கேட்டில் தினமும் பார்க்கிற காட்சி இது. டி.பி.பி. ரோட்டில் எத்தனை நூறு டிரெய்லர் நின்றாலும், தடத்துக்கு ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் உள்ளே வரும். காட்டுப்பள்ளியே ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பங்கழியும் பக்கிங்காம் கால்வாயும் என்று நடுவில் கிடக்கிற ஒரு துண்டு மண். இந்த ஊரில் இருந்துகொண்டு சந்தின் அருமை தெரியவில்லை என்றால் எப்படி?

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கல்லெறி வண்டிக்கு நம்மவன், எதிரி என்று கண் கிடையாது. ஒரு தடவை என்னுடைய ஒன்பது ஈட்டிக்காரர்களை என் கல்லே தின்றது. அன்றிலிருந்து முன்வரிசை மோதத் தொடங்கியதும் வண்டியின் குறியை நானே தரை பார்த்து வைக்கிறேன், அதன் இஷ்டத்துக்கு விடுவதில்லை.

சந்து கிடைக்காத வெட்டவெளியில் என்ன செய்வது? இங்கேதான் கணக்கு. லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1916-இல் ஒரு நூலில் எழுதிவைத்தது. எல்லாரும் எல்லாரையும் சுட முடிகிற சண்டையில், படையின் பலம் எண்ணிக்கை அளவுக்கு அல்ல, எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு ஏறும். என் இருபது வில்லாளிகள் 400. அவனுடைய முப்பது 900. நேராக மோதினால் நான் மொத்தமும் காலி. அவனுக்கோ 500-இன் வர்க்கமூலம், ஏறக்குறைய இருபத்திரண்டு பேர் மிச்சம். ஒன்றரை மடங்கு ஆள்தானே என்று நினைத்தது இரண்டேகால் மடங்கு பலமாக வந்து அடிக்கிறது.

அதே முப்பது பேர் பத்துப் பத்தாக மூன்று தடவை வந்தால்? 400-இல் 100 போனால் 300. இன்னொரு 100 போனால் 200. மூன்றாவது 100 போனால் 100. கடைசியில் என் ஆட்கள் பத்துப் பேர் நிற்பார்கள், அவனுக்கு ஒருவனும் இல்லை. ஆள் ஒன்றுதான், வில் ஒன்றுதான், யாருக்கும் வீரம் கூடவில்லை. அவர்கள் வந்து சேர்ந்த நேரம் மட்டும் மாறியது. இந்தக் கணக்கைப் பேப்பரில் போட்டுப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆட்டத்தில் அம்பு குறி தப்பும், ஒரே ஆளை ஐந்து பேர் சேர்ந்து அடித்து வீணாக்குவார்கள், எண் அச்சு அசலாக வராது. ஆனால் போக்கு இதுதான்.

சரி, பத்துப் பத்தாக வா என்று கூப்பிட்டால் வருவானா? இழுக்க வேண்டும். வேகமான நாலு குதிரையை அனுப்பி அவன் விறகு வெட்டுகிற இடத்தில் சீண்டுவேன். துரத்துவான். வேகமானவர்கள் முன்னால், நடக்கிறவர்கள் நடுவில், வண்டிகள் கடைசியில் என்று அவன் படை தானாகவே மூன்று துண்டாகும்.

"என்ன மாமா, ஓடுறீங்க?"

"ஓடலடா. வா, வா."

வந்தான்.

இன்னொரு ஆட்டம், 2006-இல் வந்த மெடீவல் 2 டோட்டல் வார், எனக்கு வேறொன்றைக் கற்றுக்கொடுத்தது. அதில் வீரர்கள் சாவதற்கு முன்பே தோற்றுவிடுவார்கள். முன்னால் ஈட்டி வரிசை பிடித்துவைத்திருக்க, பின்னாலிருந்து குதிரை இடித்தால், நூறு பேர் உள்ள குழுவில் இருபது பேர் விழுவதற்குள் வெள்ளைக்கொடி மினுக்கத் தொடங்கிவிடும். ஒரு குழு ஓடினால் பக்கத்துக் குழுவுக்கும் தொற்றும். தளபதி விழுந்தால் கேட்கவே வேண்டாம். சின்னப் படை கொல்ல வேண்டியது எதிரியின் ஆட்களை அல்ல, அவர்கள் நிற்கிற எண்ணத்தை. இதைத் தெரிந்துகொண்ட நானே, ஓடுகிறவனைத் துரத்தும் ருசியில் என் குதிரைகளை மைதானத்தின் மூலைவரை விட்டு, இங்கே நடுவரிசை உடைந்ததைப் பார்க்காமல் தோற்றிருக்கிறேன். ஒரு தடவை இல்லை.

பெரிய படை மனசு உடைந்து தோற்றதற்கு நம் பக்கத்திலேயே நடந்த சம்பவம் உண்டு. இடைக்காலம் இல்லை, பீரங்கிக் காலம். 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்து வைத்திருந்தபோது, ஆற்காடு நவாப் அன்வருத்தீனின் மகன் மாபூஸ் கான் பத்தாயிரம் பேர் என்று சொல்லப்படும் படையோடு அடையாற்றங்கரையில் வழி மறித்தார். புதுச்சேரியிலிருந்து வந்த பாரடிஸ் என்ற அதிகாரியிடம் ஐரோப்பியர், சிப்பாய் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய ஆயிரம் பேர்தான். ஆறு இருந்ததே, துறையைப் பிடித்தவன் பெரிய படைக்காரன் அல்லவா, என் வீட்டுச் சந்துக் கணக்குப்படி பாரடிஸ் தொலைந்திருக்க வேண்டும். அவர் ஆற்றில் இறங்கினார். ஒரே சீராகச் சுட்டு, துப்பாக்கி முனைக் கத்தியோடு ஏறினார். நவாப் படை சாந்தோம் தெருக்களுக்குள் ஓடியது. தெருவுக்குள் போனபின் பத்தாயிரம் என்ன, எத்தனை ஆயிரம் இருந்தும் என்ன? நெரிசல்தான். முதலில் மனசு உடைந்தது, அப்புறம் சந்து அவர்களையே பிடித்துக்கொண்டது.

தலையாலங்கானம் எனக்கு இன்னும் பிடித்த புதிர். இளவயதில் பட்டத்துக்கு வந்த பாண்டியன் நெடுஞ்செழியன், சேரன், சோழன், ஐந்து வேளிர் என ஏழு பேரை எதிர்த்து நின்று வென்ற போர். இன்றைய திருவாரூர் மாவட்டம். அதே மாவட்டத்துக் கோயில்வெண்ணியில்தான் கரிகாலன் சேரனையும் பாண்டியனையும் பதினொரு வேளிரையும் வென்றான் என்கிறார்கள். சங்கப் பாடல்கள் வெற்றியைப் பாடுகின்றன, எந்தப் பக்கத்திலிருந்து யானை வந்தது என்று சொல்வதில்லை. அதனால் நான் சொல்வது கிரேன் ஓட்டுகிறவனின் ஊகம் மட்டும். ஏழு பேர் கூட்டு என்றால் ஏழு முரசு. ஒருவன் எழும்பும்போது இன்னொருவன் சோறு தின்றுகொண்டிருப்பான். டோட்டல் வாரில் கூட்டாளிப் படை மைதானத்தின் வேறொரு ஓரத்தில்தான் வந்து இறங்கும். அது நடந்து வந்து சேர்வதற்குள் முதல் படையை முடித்துவிட வேண்டும், அவ்வளவுதான். இரண்டும் கைகோத்துவிட்டால் மெனுவுக்குப் போய்ப் பழைய சேமிப்பைத் திறக்க வேண்டியதுதான். பாண்டியனுக்கு அந்த வசதி இருந்திருக்காது.

மின்சாரம் போன ஒரு ஞாயிறு, அம்மா தரையில் சாக்பீஸால் ஆடு புலி ஆட்டம் வரைந்து கொடுத்தாள். இருபத்துமூன்று புள்ளிகள். மூன்று புலிக்கு மூன்று கூழாங்கல், பதினைந்து ஆட்டுக்குப் புளியங்கொட்டை. கோயில் தரைகளில் செதுக்கிவைத்த அதே கட்டம். ஐந்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் குறைந்த பக்கம் புலி. வழக்கம்போல் எனக்கு. ஆடு அக்கா மகனுக்கு.

ஆட்டைத் தாண்டிக் குதிக்கப் பின்னால் ஒரு காலிப் புள்ளி வேண்டும். புலியின் பலமே அந்தக் காலிதான். ஆடுகள் ஒவ்வொன்றாகத்தான் பலகைக்கு வரும், பதினைந்தும் இறங்கி முடியும்வரை நகராது. அந்தப் பொழுதுக்குள் வெட்டினால்தான் உண்டு. நான் இரண்டு ஆட்டை வெட்டினேன், மூன்றாவதற்கு வாய் பிளந்து நின்றேன். அவன் லேப்டாப்பில் செய்கிற மாதிரி ஆட்களை ஆளுக்கொரு பக்கம் சிதறவிடவில்லை. ஓரத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு கொட்டைக்கும் பின்னால் இன்னொரு கொட்டையை வைத்துக்கொண்டே வந்தான். எங்கே பார்த்தாலும் இரட்டை. என் நடுப்புலிக்கு நாலு வழி இருந்தது, மூன்றானது, இரண்டானது.

"யார்டா சொல்லிக்கொடுத்தது?"

"ஆயாதான்."

அம்மா முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே இருந்தாள், நிமிரவில்லை. அவன் கடைசிக் கொட்டையை நகர்த்தி வைத்தான். மூன்று கூழாங்கல்லும் இருந்த இடத்தில் இருந்தன. எனக்கு ராத்திரி ஷிஃப்டு, கிளம்ப நேரமாகியிருந்தது.