ஒன்றில் மாறாத குறி

பதினோராம் வகுப்புக்குப் பல வருடம் ஒரு கணக்கைத் தப்பாகச் சொல்லிக்கொடுத்தேன். தப்பு என்று தெரிந்த பிறகும் வாய் திறக்கவில்லை. என்னை உறுத்துவது அந்த இரண்டாவதுதான்.

பல்லுறுப்புக்கோவை அசமன்பாடு என்றால் என் வகுப்பில் ஒரே வழி. காரணிப்படுத்து, பூச்சியங்களை எண்கோட்டில் குறி, வலது ஓரத்தில் பிளஸ் போடு, இடப்பக்கம் வர வர மைனஸ், பிளஸ், மைனஸ் என்று மாற்றிக்கொண்டே வா. பெரும்பாலும் சரியான விடை வந்துவிடும். குறி ஏன் மாறுகிறது என்று பிள்ளைகள் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

ஒரு மாதத் தேர்வில் (எக்ஸ் − 1)² (எக்ஸ் − 3) ≥ 0 என்று கேட்டிருந்தேன். என் கணக்குப்படி விடை: 1-ம் அதற்குக் கீழும், 3-ம் அதற்கு மேலும். ஒரு மாணவி மட்டும் ‘1 தனியாக, பிறகு 3 முதல் மேலே’ என்று எழுதியிருந்தாள். சிவப்பில் அடித்துவிட்டேன். தாளை எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தாள்.

“சார், எக்ஸுக்கு ஜீரோ போட்டுப் பாத்தேன். மைனஸ் மூணு வருது சார்.”

“நான் சொன்ன முறையில போடு. போய் உக்காரு.”

வகுப்பே பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று இரவு வீட்டில் போட்டுப் பார்த்தேன். பூச்சியத்தில் −3. இரண்டில் −1. ஒன்றுக்கு இந்தப் பக்கமும் மைனஸ், அந்தப் பக்கமும் மைனஸ். வர்க்கமாக நிற்கும் காரணி எந்தப் பக்கமும் மைனஸ் ஆகாது. அதனால் வளைகோடு கீழிருந்து வந்து, ஒன்றில் அச்சைத் தொட்டுவிட்டுக் கீழேயே திரும்பிவிடுகிறது. ஒற்றைப்படை அடுக்கில் நிற்கும் காரணிதான் குறியைப் புரட்டும். அடுத்தடுத்த இரண்டு பூச்சியங்களுக்கு நடுவிலோ குறி மாற வழியே இல்லை. வளைகோட்டில் அறுபடல் கிடையாது, மேலிருந்து கீழே போக வேண்டுமானால் அச்சைக் கடந்தாக வேண்டும், கடந்தால் அங்கே இன்னொரு பூச்சியம் இருக்கும். கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிற இந்த விஷயத்தைக்கூடப் படத்தை நம்பாமல் நிரூபிக்க வேண்டும் என்று பிராகா நகரத்துக் கணிதவியலாளர் போல்சானோ 1817-ல் தனி நூலே வெளியிட்டார். ஆகவே ஒவ்வோர் இடைவெளியிலும் ஓர் எண்ணைப் போட்டுப் பார்த்தால் போதும். அந்தப் பெண் செய்தது அதைத்தான். அவளிடம் இருந்தது கணிதம். என்னிடம் இருந்தது வெறும் பழக்கம்.

மறுநாள் வகுப்பில் சொல்ல ஐந்து நிமிடம் போதும். சொல்லவில்லை. தலைமையாசிரியரோ பெற்றோரோ கேட்டுவிடுவார்கள் என்ற பயம்கூட இல்லை. நாற்பது பிள்ளைகள் முன்னால் ‘நான் தப்பு’ என்று சொல்ல மனம் வரவில்லை, அவ்வளவுதான். அவளுக்குப் போக வேண்டிய ஐந்து மதிப்பெண்ணையும் கொடுக்கவில்லை.

அடுத்த தேர்வின் வினாத்தாளை முன்பே அச்சுக்குக் கொடுத்திருந்தேன். அதில் (எக்ஸ் + 2)² (எக்ஸ் − 5) < 0 இருந்தது. −2 ஒன்றைத் தவிர, 5-க்குக் கீழே உள்ள எல்லா எண்ணும் விடை. அவள் தாளைத்தான் முதலில் தேடி எடுத்தேன். எண்கோடு போட்டு, வலமிருந்து பிளஸ், மைனஸ், பிளஸ் என்று அழகாக எழுதி, ‘−2-க்கும் 5-க்கும் இடையில்’ என்று முடித்திருந்தாள். எந்த எண்ணையும் போட்டுப் பார்த்த தடம் தாளில் இல்லை.

முழு மதிப்பெண் போட்டேன்.