காசு எங்கிருந்து வந்தது?

லண்டனில் விசா விண்ணப்பங்களுக்கு ஆலோசனை சொல்வது என் தொழில். யாழ்ப்பாணத்திலிருந்தோ வவுனியாவிலிருந்தோ தாய் தகப்பனை, மாமா மாமியை, கலியாணத்துக்கு வரவிருக்கும் தங்கையை அழைக்க நினைப்பவர்கள் கதிரையில் உட்கார்ந்ததும் ஒன்றைத்தான் கேட்பார்கள்: "அண்ணை, எவ்வளவு காசு காட்ட வேணும்?" சிலர் பதிலையும் கையோடு கொண்டுவருவார்கள். ஒருவருக்கு அது பத்தாயிரம் பவுண்ஸ், இன்னொருவருக்கு 29,000.

அந்த 29,000 வாழ்க்கைத் துணையை அழைப்பவருக்கான ஆண்டு வருமான வரம்பு. 2012 முதல் 18,600 ஆக இருந்தது, 2024 ஏப்ரலில் அப்படி உயர்ந்தது. மாணவர் விசாவுக்கு வேறு கணக்கு, குறித்த தொகை 28 நாள் வங்கியில் கிடக்க வேண்டும். இரண்டும் வாய்வழியாகக் கலந்து, பார்வையாளர் விசாவுக்கும் ஒரு தொகை உண்டு என்று ஊர் முழுக்கப் பரவிவிட்டது. குடிவரவு விதிகளில் பார்வையாளருக்கான 'அப்பெண்டிக்ஸ் வி' பகுதியில் தொகை எதுவும் இல்லை. வருபவர் இங்கே வேலை செய்யாமலும் அரச உதவியைத் தொடாமலும், திரும்பிப் போகும் பயணம் உட்பட நியாயமான செலவு எல்லாவற்றையும் சமாளிக்கப் போதிய பணம் வேண்டும் என்பதே விதி. பயணம், தங்குமிடம், சாப்பாட்டுச் செலவை இன்னொருவர் ஏற்கலாம். அவருக்கும் வருபவருக்கும் உண்மையான உறவு இருக்க வேண்டும். அவர் குடிவரவுச் சட்டத்தை மீறியவராக இருக்கக் கூடாது. சொன்ன காலம் முழுவதும் செலவைத் தாங்க அவரால் முடியும், தாங்கவும் செய்வார் என்று அதிகாரி நம்ப வேண்டும்.

முடியும் என்பதை வங்கி ஸ்டேட்மென்ட் காட்டும். செய்வார் என்பதை இதுவரை செய்ததுதான் காட்டும். எங்கள் ஆட்கள் சறுக்குவது இந்த இடத்தில். "அம்மாவை நான்தானே பாக்கிறன், மாதாமாதம் அனுப்புறன்" என்று மகன் சொல்வார். சொல்வது உண்மைதான். ஆனால் அனுப்பியதெல்லாம் உண்டியலில், அதாவது வங்கியைத் தொடாமல் ஆள்வழியாக. இவருடைய ஸ்டேட்மென்டில் இல்லை, அம்மாவின் வங்கிப் புத்தகத்திலும் இல்லை. அவசரம் இல்லாதவர்களிடம் நான் சொல்வது: இன்றிலிருந்து வங்கி வழியாக அனுப்புங்கள், சில மாதம் கழித்து வாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு அது பிடிப்பதில்லை. விமான டிக்கெட் மலிவாக இருக்கிறதாம்.

ஸ்டேட்மென்ட் வாசிப்பதை நான் ரசித்துச் செய்கிறேன் என்று சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள். ஆறு மாதத் தாள்களைப் பரப்பி வைத்து, கடைசி மீதியை வேண்டுமென்றே கையால் மறைத்துக்கொண்டு தொடங்குவேன். எந்தத் தேதியில் சம்பளம் வருகிறது, பே ஸ்லிப்பில் உள்ள தொகையும் அதுவும் சதம் பிசகாமல் ஒன்றா, மோர்ட்கேஜ் போன பிறகு என்ன மிஞ்சுகிறது, மாதக் கடைசியில் கணக்கு சிவப்பில் விழுகிறதா என்பதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் மீதிக்கு வருவேன். மாதம் 2,400 பவுண்ஸ் கையில் வந்து, எல்லாம் போக 300 மிஞ்சும் ஒரு குடும்பத்தை எடுங்கள். சேமிப்பில் 3,500 இருக்கிறது. தாயும் தகப்பனும் மூன்று மாதம் வருகிறார்கள். டிக்கெட்டுக்கு ஆளுக்கு 700 என்றால் 1,400. சொந்த வீட்டில்தான் தங்கப் போகிறார்கள், ஆகவே சாப்பாடு, போக்குவரத்து, கைச்செலவு என்று மாதம் 300 வைத்தால் 900. மொத்தம் 2,300. சேமிப்பே போதும். இந்தக் கணக்கை அப்படியே, செலவை ஏற்பவர் கொடுக்கும் ஸ்பொன்சர் கடிதத்தில் எழுதினால், விளக்கமில்லாத இருபதாயிரத்தைவிட அது வலுவாக நிற்கும். இதே குடும்பம் ஆறு மாதம் என்று கேட்டால் கணக்கு மாறுகிறது, கேள்வியும் மாறுகிறது. எதற்காக ஆறு மாதம்? அனுமதிக்கப்பட்ட உச்சம் அது என்பதற்காக மட்டும் கேட்பவர்களை நான் தடுத்துவிடுவேன்.

பிறகு சீட்டு. சம்பளம் மட்டுமே வந்துகொண்டிருந்த கணக்கில் திடீரென 6,000 பவுண்ஸ் விழுந்திருக்கும். கேட்டால், "அது சீட்டு எடுத்த காசு அண்ணை" என்பார், இதில் விளக்க என்ன இருக்கிறது என்ற முகத்தோடு. எங்களில் பாதிப்பேருக்கு வீட்டுக்கு முன்பணம் கட்டியதும் கார் வாங்கியதும் சீட்டில்தான். மேசைக்கு மறுபக்கம் இருக்கும் அதிகாரிக்கு அது யாரோ கொடுத்து, நாளைக்கே திரும்பப் போகும் பணம். ஆகவே பின்னோக்கிப் போகிறேன். மாதந்தோறும் ஒரே பெயருக்கு ஒரே தொகை போயிருக்கிறதா? போயிருந்தால் அந்த வரிகளை ஒவ்வொன்றாகக் குறித்து, சீட்டு நடத்துகிற அக்காவிடம் கையெழுத்துக் கடிதம் வாங்கி, யார் யார் எத்தனை பேர், எந்த மாதம் யாருக்குப் போனது என்ற அவரது கொப்பியின் பக்கத்தையும் மொழிபெயர்த்து வைப்பேன். மொழிபெயர்த்தவர் அது சரியானது என்று உறுதி சொல்லி, தேதி, முழுப்பெயர், கையெழுத்து, தொடர்பு விவரம் எல்லாம் போட வேண்டும். காசாகக் கட்டியவர் என்றால், ஒவ்வொரு மாதமும் அதே தேதியையொட்டி இயந்திரத்தில் எடுத்த அதே தொகையைத் தேடுவேன். சில கணக்குகளில் அது வரிசையாகக் கிடைக்கும்போது எனக்கு வருகிற சந்தோஷத்தை யாருக்கும் விளக்க முடியாது.

நண்பரிடம் வாங்கி இரண்டு கிழமைக்குப் போட்டு வைத்த காசு வேறு சங்கதி. அதைத் தன் சேமிப்பு என்று கடிதத்தில் எழுதச் சொன்னால் நான் கோப்பை மூடிவிடுவேன். பொய்யான ஆவணமோ கூற்றோ கொடுத்து ஏமாற்ற முயன்றதாக முடிவானால், விண்ணப்பித்த அம்மாவின் பெயரில்தான் அது பதியும். பத்து ஆண்டுத் தடை வரைக்கும் போகும். நண்பர் மகனுக்குத்தான் கொடுத்தார், தடை எழுபது வயது மனுசிக்கு.

கடை வைத்திருப்பவர்களின் கோப்பு இன்னும் சிக்கல். வரித் திணைக்களத்துக்கு ஆண்டு லாபம் 9,000 என்று காட்டியிருப்பார். அவரே எனக்கு முன்னால், "மாதம் நாலாயிரம் வரும் அண்ணை" என்பார். விசாவை முடிவுசெய்யும் ஹோம் ஒஃபிசுக்குக் கொடுக்க வேண்டியது எஸ்ஏ302 என்ற வரிக் கணிப்பு. அதில் 9,000 இருக்கும்போது கடிதத்தில் நாலாயிரத்தை எழுத வழி இல்லை. ஒரே அரசுக்கு இரண்டு வருமானம் சொல்ல முடியாது என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். அப்போது மனைவியின் சம்பளத்தையோ தம்பியின் சம்பளத்தையோ வைத்துக் கோப்பைக் கட்ட முடியுமா என்று பார்ப்பேன்.

இவ்வளவும் மகன் பக்கம். நான் அதிக நேரம் செலவழிப்பது அம்மா பக்கத்தில், ஏனென்றால் விண்ணப்பதாரி அவர். மகன் எவ்வளவு வசதியாக இருந்தாலும், அம்மா திரும்பிப் போவாரா என்ற கேள்விக்கு அது பதில் இல்லை. சில சமயம் எதிராகவும் வாசிக்கப்படும்: இங்கே எல்லாம் இருக்கிறது, அங்கே ஒன்றும் இல்லை, பிறகு ஏன் போகப் போகிறார்? இணையப் படிவம் உங்கள் மாத வருமானம் என்ன, மாதச் செலவு என்ன என்று கேட்கும். பிள்ளைகள் வருமானத்தில் பூச்சியம் போட்டுவிடுகிறார்கள், "அம்மாவுக்கு ஏன் காசு, நான் இருக்கிறன்தானே" என்று. அதே அம்மாவின் வங்கிப் புத்தகத்தில் அப்பாவின் பென்ஷன் மாதாமாதம் விழுகிறது, வயல் குத்தகைக் காசு போகத்துக்குப் போகம் வருகிறது, முன் அறையில் வாடகைக்கு ஒரு ஆசிரியை இருக்கிறா. இதெல்லாம் கேட்டுக் கேட்டு எடுக்க வேண்டியவை. வட்ஸ்அப்பில் அம்மாவோடு நேராகவே பேசுவேன். மகனுக்குத் தெரியாத நிலையான வைப்பு ஒன்று வெளியே வருவது அப்படித்தான்.

இலங்கை ரூபாய்க் கணக்கில் இன்னொரு கவனம் வேண்டும். 2022 தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாயளவில் இருந்து, சில மாதத்திலேயே 360ஐத் தொட்டது. வாழ்நாள் சேமிப்பு பவுண்ஸில் வெகுவாகச் சுருங்கிவிட்ட முதியவர்கள் இருக்கிறார்கள். பவுண்ஸ் தொகையை மட்டும் பார்த்தால் சொற்பமாகத் தெரியும். அதனால், அவர் ஊரில் ஒரு மாதத்துக்கு எவ்வளவில் வாழ்கிறார் என்பதையும் பக்கத்திலேயே எழுதுவேன்.

வேண்டாத தாள்களைக் கழிப்பது விரைவில் முடியும் வேலை. ஸ்பொன்சரின் கவுன்சில் டாக்ஸ், மின்சாரப் பில், கார்ப் பத்திரம், கலியாண அல்பம், விமான முன்பதிவு, நொத்தாரிசு முத்திரை குத்திய சான்று ஆகியவை அதிகம் பயன்படா என்று ஹோம் ஒஃபிசின் வழிகாட்டியே சொல்கிறது. முத்திரை இல்லாத தாளை நம்ப நம் ஆட்களுக்கு மனம் வராது. சரி, வீட்டிலேயே வைத்திருங்கள் என்பேன்.

மறுத்தால் என்ன செய்வது? குடும்பப் பார்வையாளருக்கு இருந்த முழு மேன்முறையீட்டு உரிமை 2013 ஜூனில் போய்விட்டது. மனித உரிமைக் காரணம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. நீதிமன்ற மறுஆய்வுக்குப் போகும் செலவில் இரண்டு முறை குடும்பமாக ஊருக்கே போய்வரலாம். ஆகவே பெரும்பாலும் புது விண்ணப்பம், புதுக் கட்டணம். பழைய மறுப்பை மறைக்காமல் எழுத வேண்டும். அதே தாள்களை அடுத்த கிழமையே திரும்ப அனுப்புபவர்கள் அதே பதிலை வாங்குகிறார்கள். மறுப்புக் கடிதத்தின் ஒவ்வொரு பந்திக்கும் புதிதாக ஒரு தாள் கையில் சேரும்வரை நான் அனுப்ப விடுவதில்லை.

விசா கிடைத்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. ஹீத்ரோவில் எல்லை அதிகாரி அம்மாவைக் கேள்வி கேட்கலாம். மகன் என்ன வேலை, யார் செலவு, எவ்வளவு நாள்? கோப்பு முழுவதையும் பிள்ளைகளே தயாரித்து, அம்மாவுக்கு ஒரு வரியும் வாசித்துக் காட்டாமல் விடுவதை நிறையப் பார்க்கிறேன். ஸ்பொன்சர் கடிதத்தைத் தமிழில் ஒருமுறை அம்மாவுக்குச் சொல்லச் சொல்வேன். ஒரு பிரதியைக் கைப்பையில் வைக்க வேண்டும், பெரிய பெட்டிக்குள் ஒடியல் மாவுக்கும் மிளகாய்த் தூளுக்கும் நடுவில் அல்ல. அந்தப் பெட்டி வருவதற்கு முன்னாலேயே கேள்விகள் முடிந்துவிடும்.